முதல் டிரிப்புக்கு முன் ஒரு கிட்டார்

டிரைவரின் வலது கை நகங்கள் நீளமாக இருக்கும். இடது கையில் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறவர்கள் முதலில் ஒரு கையைப் பார்ப்பார்கள், பிறகு இன்னொரு கையை, பிறகு அவர் முகத்தை. கேட்கத் தயங்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். டெப்போவில் இருந்தவர்களுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"ஒரு கைக்கு மட்டும் பியூட்டி பார்லரா? இன்னொரு கை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டவன் அவருடைய கண்டக்டர்தான். பாட்டில் அடிபோலத் தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவனுக்கு டெப்போவில் சோடாபுட்டி என்று பெயர். பதினாறு வருடம் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஓடியவர்கள். அவன் என்ன சொன்னாலும் டிரைவருக்குக் கோபம் வராது.

பணி ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகும் டிரைவர் அந்த நாட்களைப் பற்றி நினைக்கும்போது பஸ் முதலில் நினைவுக்கு வருவதில்லை. விடிவதற்கு முன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த சமையலறைதான் வரும். குழாயின் சொட்டுச் சத்தம், குளிர்ந்த டைல்ஸ் தரை, மடியில் மகளுடைய கிட்டார்.

அது மகளுக்காகத்தான் வாங்கியது. பத்து வயதில் அழுது அடம்பிடித்து வாங்கினாள். பதினோரு வயதில் நீச்சல் குளத்தைப் பார்த்தாள், அத்தோடு கிட்டார் கதை முடிந்தது. ஆனால் டீச்சரிடம் போய்ச் சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

"நீங்களே சொல்லிடுங்கப்பா. எனக்கு வெக்கமா இருக்கு."

"சேரும்போது வெக்கம் இல்லையா?"

"அப்ப எனக்கு நீச்சல் தெரியாதே."

விடுமுறை நாளில் டிரைவர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே ரப்பர் ஒட்டும் பசையின் வாசனை மாடிப்படி வரைக்கும் ஏறி வரும். டீச்சர் என்றதும் அவர் மனதில் நரைத்த தலையோடு ஒருவர் இருந்தார். கதவைத் திறந்தது இருபத்தைந்து வயதுகூட மதிக்க முடியாத ஒரு பெண். காதில் பென்சிலைச் செருகியிருந்தார்.

"பொண்ணு இனிமே வரமாட்டாங்க. நீச்சல் பக்கம் போயிட்டா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"சொல்லிட்டுப் போக கிட்டார் எதுக்கு சார்?"

"வீட்ல சும்மா கிடக்கு. வேற பிள்ளைங்க யாருக்காவது உதவுமேன்னு..."

டீச்சர் கிட்டாரை வாங்கி, உறையைக் கழற்றி, தந்திகளைத் திருகிச் சரிசெய்தார். பிறகு அதைத் திரும்ப அவர் பக்கமே நீட்டினார்.

"உங்க பொண்ணோட நேரம் எனக்கும் சும்மாதான் கிடக்கு. உட்காருங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

டிரைவர் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே வேறு யாரும் இல்லை. உட்கார்ந்தார்.

இடது பாதத்தைத் தூக்கி வைக்க ஒரு சின்ன முக்காலி உண்டு. கிளட்ச் மிதித்து மிதித்து மரத்துப்போன கால் அது. அதில் போய் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்தது. கிட்டாரின் இடுப்பு இடது தொடையில், அதன் தலை ஏறக்குறைய அவர் காது உயரத்தில். டீச்சர் சுற்றி வந்து பார்த்தார். தோளைத் தொட்டுக் கீழே இறக்கினார். இறக்கிய தோள், கையை எடுத்ததும் மறுபடி ஏறிக்கொண்டது. கிட்டாரின் கழுத்துப் பகுதியை டிரைவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்து டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன வேலை சார் பார்க்கிறீங்க?"

"பஸ் ஓட்டுறேன்."

"அதான். இது ஸ்டியரிங் இல்ல. கொஞ்சம் விட்டுப் பிடிங்க, ஓடிடாது."

அன்று ஒரு மணி நேரமும் அவர் வாசித்தது ஒரே ஒரு தந்தி. ஆள்காட்டி விரல், நடுவிரல், மறுபடி ஆள்காட்டி விரல், மறுபடி நடுவிரல், நடக்கிற மாதிரி. தட்டிய விரல் அடுத்த தந்தியின் மேல் போய்ச் சாய்ந்து நிற்க வேண்டும். அதற்குள் அடுத்த விரல் புறப்பட வேண்டும். ஒரே விரல் இரண்டு தடவை தட்டிவிட்டால் நொண்டி. டிரைவர் அன்று நொண்டியது கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும் படியிறங்கி வரும்போது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் மாதிரி இருந்தது அவருக்கு. கிட்டாரை யாருக்கும் கொடுக்காமல் தோளில் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிவிட்டு, சத்தம் இல்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும் அவளுக்கு. கிட்டாரைக் கொடுத்துவிட்டு வரப் போன கணவன், தானே கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி அதோடு திரும்பி வந்ததை முதலில் அவள் நம்பவில்லை.

"சரி, பாட்டு எப்ப வரும்?"

"அதுக்கு நாளாகும். முதல்ல ஒழுங்கா உட்காரக் கத்துக்கணுமாம்."

"இருபது வருஷமா உட்கார்ந்துதானே சம்பாதிக்கிறீங்க? அதுவும் தப்பா?"

மாலையில் அவளுக்கு வேண்டிய அமைதியை நினைத்துத்தான் டிரைவர் விடியற்காலையைத் தேர்ந்தெடுத்தார். முதல் டிரிப் இருட்டிலேயே கிளம்பும். அதற்கும் முன்னால் எழுந்து, சமையலறைக் கதவைச் சாத்தி, தந்திகளுக்கு அடியில் ஒரு கைத்துணியைச் செருகிவிட்டு வாசிப்பார். துணி வைத்தால் சத்தம் அமுங்கி, பக்கத்து அறையில் யாரோ முணுமுணுக்கிற மாதிரி கேட்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு மனைவியே வந்து அந்தத் துணியை உருவி எறிந்தாள். "இது என்ன எலி சுரண்டுற மாதிரி. வாசிக்கிறதுன்னா வாசிங்க."

பஸ்ஸிலும் பயிற்சி நடந்தது. கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் வலது கை விரல்கள் தொடையின் மேல் மாறி மாறி நடந்துகொண்டிருக்கும். ஒரு நாள் முதியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கை நடுங்குதே? இந்த வண்டியில ஏறலாமா வேணாமா?" என்று கேட்டார். அவரைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதற்குள் சோடாபுட்டிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முதல் வருடம் முடியும்போது அவருக்கு ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஒரு சின்னப் பாடம் வந்தது. வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். தினமும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். மூன்றாவது வரியில் ஓர் இடத்தில் விரல் சிக்கும். 'சே' என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி அதே இடத்தில் சிக்கும். இந்த முறை வேகமாக வந்தால் தாண்டிவிடலாம் என்று வேகமாக வருவார். அதே இடம்.

"என்னங்க, அந்த மேட்டுல ஏறும்போதெல்லாம் வண்டி நின்னுடுதே?" என்றாள் மனைவி, பல் தேய்த்துக்கொண்டே. இசை தெரியாதவள். ஆனால் எந்த இடம் என்று அவளுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது.

டீச்சர் அதைக் கேட்டுவிட்டு, "மூணாவது வரியிலேருந்து ஆரம்பிங்க" என்றார்.

டிரைவர் கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். "அப்படி வராதுங்க டீச்சர். முதல்லேருந்து வந்தாத்தான் வரும்."

"அப்போ மூணாவது வரி உங்களுக்குத் தெரியல சார். ரெண்டாவது வரி தள்ளிவிட்டுத்தான் அங்க போய் விழறீங்க." பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். "நல்லா வர்ற இடத்தைத் தினமும் பத்துத் தடவை வாசிக்கிறீங்க. வராத இடத்தைத் தினமும் பத்துத் தடவை தப்பா வாசிக்கிறீங்க. விரலுக்கு எது சரி எது தப்புன்னு தெரியாது. நீங்க சொல்லிக்குடுக்கிறதைத்தான் அது கத்துக்கும்."

அதன்பிறகு ஒரு வாரம் கோடு போட்ட இடத்தை மட்டும் வாசிக்க வேண்டும். அதுவும் கேட்டால் இசை என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக. ஒரு தடவை தப்பு வந்தால் அதைவிட மெதுவாக. அந்த ஒரு வாரமும் டிரைவருக்கு முள்ளின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வண்டியை முதல் கியரிலேயே ஊர் முழுக்க ஓட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அந்த இடம் தானாக அவிழ்ந்தது. தாண்டிப் போன பிறகுதான் தாண்டிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது.

அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாடத்தின் எந்த இடத்திலிருந்தும் ஆரம்பிக்கத் தெரிய வேண்டும் என்றால், ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் வேண்டும். தன் வழித்தட நிறுத்தங்களையே பெயராக வைத்தார். முதல் வரி டெப்போ. அடுத்தது பள்ளிக்கூடம். அப்புறம் ஆஸ்பத்திரி, மார்க்கெட், தபாலாபீஸ், ரயில்வே கேட். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏறி மார்க்கெட்டில் இறங்குவது. நாளைக்கு ரயில்வே கேட்டிலிருந்து கடைசி வரை. கடைசியிலிருந்து பின்னால் பின்னால் வந்தும் பழகினார். வீடு முழுக்க, பஸ்ஸில் சோடாபுட்டி வரைக்கும், இது பரவிவிட்டது. மகள் நீச்சலுக்குக் கிளம்பும்போது, "அப்பா இன்னைக்கு எந்த ஸ்டாப்புல நிக்கிறாரு?" என்று கேட்பாள். மனைவி குளியலறையிலிருந்து கத்துவாள்: "ஆஸ்பத்திரிகிட்ட மறுபடி இடிக்குது, பார்த்து!"

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் வினை வந்தது.

அடுத்த பாடத்தில் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்திகளையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டிய இடம் ஒன்று இருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒரு தந்தி செத்த சத்தம் போடும். டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து டன் வண்டியைத் திருப்புகிற கைக்கு இந்த நைலான் இழை அடங்காதா? பின்பக்கம் கட்டைவிரலை முட்டுக்கொடுத்து இறுக்கினார். வலித்தது. வலித்தால்தான் பலம் ஏறும் என்று நினைத்தார். விடுமுறை நாட்களில் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம்தான் எழுந்தார். மணிக்கட்டு இரவில் குத்தியது. மனைவியிடம் சொல்லவில்லை. டீச்சரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை, மார்க்கெட் பக்கத்து ஏற்றத்தில் கியரை மாற்றப் போன இடது கை, கியர் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. முழங்கை வரைக்கும் சுரீர் என்று ஏறிய வலியில் கண் கலங்கியது. எப்படியோ பிரேக்கைப் போட்டு வண்டியை ஓரம் கட்டினார். உள்ளே ஆபீஸ் போகிற கூட்டம்.

சோடாபுட்டி ஓடி வந்தான். "என்ன டிரைவரே, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் ரிப்பேர்."

எல்லோரையும் வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். மணிக்கட்டுத் தசைநார் வீங்கியிருக்கிறது, வாரக்கணக்கில் வண்டி தொடக்கூடாது என்றார் டாக்டர். கையைப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

மனைவி அன்று கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று டிரைவர் பின்னாளில் நினைத்ததுண்டு. கிட்டாரை உறையில் போட்டு, ஸ்டூல்மேல் ஏறி, பீரோவுக்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். இறங்கி வந்து சொன்னாள்: "பஸ்ஸு ஓட்டித்தான் நம்ம அடுப்பு எரியுது. உங்க கை உங்களுக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சிட்டீங்க."

அதற்குப் பிறகு வீட்டில் காலை நேரம் மிகவும் அமைதியாக இருந்தது. பழக்கத்தில் இருட்டிலேயே விழிப்பு வந்துவிடும். சமையலறைக்குப் போய் உட்கார்ந்து, எழுந்து வருவார். ஒரு வாரம் பார்த்துவிட்டு, நிறுத்திவிடுகிறேன் என்று சொல்வதற்காக டீச்சரிடம் போனார். அதே படிகளில் மகளுக்காக ஏறியதும் இதே சேதியைச் சொல்லத்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. எப்படி அழுத்தினீர்கள், எவ்வளவு நேரம், எப்போதிலிருந்து வலி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்" என்று செருப்பை மாட்டினார்.

மனைவி டீச்சரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள். நாற்காலியைக் காட்டினாள். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏம்மா, கையைக் கெடுத்துக்காம இதை வாசிக்க முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லு."

"முடியும்கா. சரியா வாசிச்சா வலிக்கவே கூடாது. வலிச்சா உடனே நிறுத்தணும். நான் சொன்னா உங்க வீட்டுக்காரர் தலையை ஆட்டுறாரு. ஆனா நிறுத்த மாட்டாரு."

"நிறுத்த மாட்டாரா?"

"மாட்டாருக்கா."

மனைவி டிரைவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை எங்கிட்ட விட்டுடு" என்றாள்.

கை ஆறியதும் கிட்டார் பீரோவிலிருந்து இறங்கியது. அதோடு கூடவே சமையலறையில் முட்டை வேகவைக்க வைத்திருந்த மணி அடிக்கும் கடிகாரமும் வந்து உட்கார்ந்தது. மனைவி அதை முறுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள். அது 'ட்ரிங்' என்றதும் வந்து நிற்பாள். வரி பாதியில் இருந்தாலும் சரி, அவர் கெஞ்சினாலும் சரி, கிட்டாரின் கழுத்தைப் பிடித்து மடியிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கொடுப்பாள். "உங்களுக்கு இவங்களை விட்டா வேற டாக்டரே வேணாம் போலிருக்கே," என்றான் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த சோடாபுட்டி.

அழுத்துவதை அவர் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டீச்சர் பின்பக்கக் கட்டைவிரலை எடுத்துவிடச் சொன்னார். கட்டைவிரல் இல்லாமலா? இல்லாமல்தான். விரலைத் தந்தியின்மேல் சும்மா வைத்துத் தட்டினால் 'டொக்' என்று கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக்கொண்டே வந்தால் முதலில் கரகரக்கும், பிறகு ஒரு நொடியில் சுத்தமாக ஒலிக்கும். அங்கே நின்றுவிட வேண்டும். அதற்குமேல் ஒரு துளி அழுத்தினாலும் வீண். அந்த இடத்தைக் கண்டுபிடித்தபோது டிரைவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அளவுதான் அது. அதற்காகவா இத்தனை மாதம் மல்லுக்கு நின்றோம்? பிறகு பஸ்ஸிலும் ஸ்டியரிங்கை அவர் அப்படிப் பிடிக்க ஆரம்பித்தார். சாயங்காலத்தில் தோள்வலி வருவது நின்றுபோனது.

அடுத்த வருடம் டீச்சர் தன் மாணவர்களை ஒரு பள்ளிக்கூட ஹாலில் வாசிக்க வைத்தார். எல்லாம் சின்னப் பிள்ளைகள். நடுவில் நரை ஓடிய டிரைவர். நிகழ்ச்சிக்கு முதல் நாள், பஸ்ஸின் பின்கதவு இறுகிக்கொண்டதைத் தள்ளித் திறந்ததில் அவருடைய நடுவிரல் நகம் பாதியில் உடைந்து போனது. கிட்டார் வாசிப்பவனுக்குத் தந்தியை அழுத்தும் இடது கையில் நகம் ஆகாது; தட்டும் வலது கை நகமோ பேனாவுக்கு நிப்பு மாதிரி. உடைந்த நகத்தில் தந்தி மாட்டிக்கொண்டு கீச்சிடும். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சோடாபுட்டி எங்கேயோ ஓடினான். திரும்பி வந்தபோது கையில் ஒரு டேபிள் டென்னிஸ் பந்து.

"எங்கேருந்துடா?"

"டெப்போ ரெஸ்ட் ரூம்லேருந்துதான், நம்ம ஆளுங்க விளையாடுறது. பந்தை வெட்டி நகத்துல ஒட்டினா நிக்குமாம். டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டேன்."

பந்தைக் கத்தரித்து, நகத்தின் அளவுக்கு வளைவு பார்த்து, பசை போட்டு ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அன்று மாலை டெப்போவில் மேஜைப் பந்து விளையாட வந்த மெக்கானிக்குகள் பந்தைத் தேடிக் கொதித்துப் போனார்கள். பந்தின் ஒரு துண்டு டிரைவரின் விரலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்களும் நிகழ்ச்சிக்கு வந்துவிட்டார்கள். பந்து எப்படி வாசிக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

மேடையில் வெளிச்சம் கண்ணில் அடித்தது. டிரைவர் முதல் வரியை வாசித்தார், பள்ளிக்கூடம் தாண்டினார், ஆஸ்பத்திரியை இடிக்காமல் தாண்டினார். மார்க்கெட்டில் திடீரென்று எல்லாம் அழிந்துவிட்டது. விரல்கள் வெற்றிடத்தில் நின்றன. ஹாலில் ஓர் இருமல் கேட்டது. முன்வரிசையில் மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் ஓரமாக நின்று, எழுந்துவிடாதீர்கள் என்று கையால் காட்டினார்.

அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து, பழக்கதோஷத்தில், சோடாபுட்டியின் குரல் வந்தது: "மார்க்கெட் நிக்காது, தபாலாபீஸ் போலாம்... ரைட்!"

ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் டிரைவரின் கை தபாலாபீஸில் போய் விழுந்திருந்தது. அங்கிருந்து ரயில்வே கேட், அங்கிருந்து கடைசி வரை ஓர் இடறல் இல்லை. கடைசி ஒலி தானாக அடங்கும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கைத்தட்டலில் மெக்கானிக்குகளின் விசில்தான் பெரிதாகக் கேட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி அவர் இடது மணிக்கட்டைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஒன்றிரண்டு வருடங்களைத்தான் அவர் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறார். எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம். குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்திக்கொண்ட காலம். பின்னால் அதைவிட நன்றாக வாசித்திருக்கிறார். ஆனால் நன்றாக வாசித்த நாட்கள் அவருக்கு அவ்வளவாக ஞாபகமில்லை.

டீச்சர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார். மாடி அறையில் யாரோ குடை ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார்கள். மகள் படிக்கப் போனாள், வேலைக்குப் போனாள். சோடாபுட்டி கண் ஆபரேஷன் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டான். பெயர் மட்டும் போகவில்லை. டிரைவர் தனியாகவே பாடங்களைத் தேடிப் பிடித்து, கோடு போட்டு, ஸ்டாப் பெயர் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். வழித்தடத்தில் நிறுத்தங்கள் போதாமல் பக்கத்து வழித்தடத்திலிருந்தும் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அவர் வேலையின் கடைசி வருடத்தில், மழை பெய்த ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு பெண் தோளில் தூங்குகிற குழந்தையோடு ஏறினார். கண்ணாடியில் பார்த்ததுமே டிரைவருக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர்!"

"அண்ணா! இன்னும் இதே வண்டியா?"

முன் சீட்டில் உட்கார்ந்தார். குழந்தையை மாற்றிப் போடும்போது அவருடைய வலது கை தெரிந்தது. நகங்கள் எல்லாம் ஒட்ட வெட்டியிருந்தன. டிரைவர் சாலையைப் பார்த்து ஓட்டினார்.

"வாசிக்கிறதில்லையா?"

"அஞ்சாறு வருஷமாச்சு அண்ணா. அம்மாவுக்கு உடம்பு முடியல, அப்புறம் இவன் பொறந்தான். அம்மாவைப் பார்த்துக்கத்தான் இங்கயே வந்துட்டோம். ஆபீஸ் வேலை. கிட்டார் எந்தப் பெட்டியில இருக்குன்னுகூடத் தெரியல." சொல்லிவிட்டுச் சிரித்தார். "நீங்க?"

"காலையில கூட வாசிச்சேன்."

டீச்சர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. கடைசி நிறுத்தம் வரைக்கும் வந்தார். அங்கே வண்டி நின்ற நேரத்தில், மழை கண்ணாடியில் வழிய, டிரைவர் எந்தெந்தப் பாடம் படித்தேன், எங்கே சிக்கினேன் என்று சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் குழந்தையின் முதுகில் தட்டிக்கொண்டே கேட்டார். தட்டியது ஆள்காட்டி விரலும் நடுவிரலும், மாறி மாறி. அதை டிரைவர் கவனித்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. குழந்தையை எங்க வீட்டம்மா பார்த்துப்பாங்க."

வந்தார். டிரைவர் தன் கிட்டாரையே கொடுத்தார். டீச்சர் உட்கார்ந்த விதம் பழைய மாதிரியேதான் இருந்தது. ஆனால் விரல்கள் கேட்கவில்லை. நகம் இல்லாத விரல்நுனியில் ஒலி மெலிந்து வந்தது. சுலபமான இடத்திலேயே இரண்டு தடவை தடுக்கினார். முதல் தடவை சிரித்தார். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. கிட்டாரின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார். மெதுவாக வாசியுங்கள் என்று டிரைவர் அவரிடமே சொல்வதா?

மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். இருவரையும் பார்த்தாள். சமையலறைக்குப் போய்க் கடிகாரத்தை எடுத்துவந்து, முறுக்கி, டீச்சர் முன்னால் வைத்தாள்.

"இன்னைக்கு இவ்வளவுதான். மணி அடிச்சதும் எழுந்து வந்து சாப்பிடு. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்."

டீச்சர் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நகம் வளர்ந்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து அவருடைய கிட்டாரும் வெளியே வந்தது. இரண்டு கிட்டார் சேர்ந்து வாசிக்கிற சின்னச் சின்ன இசைகளை எடுத்துக்கொண்டார்கள். மேல்குரல் டீச்சருக்கு, கீழ்க்குரல் டிரைவருக்கு. பல வருடம் தனியாக வாசித்தவருக்கு இன்னொருவரோடு சேர்ந்து நிற்கவும் கிளம்பவும் பழகுவது பெரிய பாடாக இருந்தது. டீச்சர் ஆரம்பிப்பதற்கு முன் மூச்சை இழுப்பார், அதைப் பார்த்துக் கிளம்ப வேண்டும். பெரும்பாலும் டிரைவர் கொஞ்சம் முந்திவிடுவார். "சிக்னல் விழட்டும் அண்ணா" என்பார் டீச்சர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இன்றைக்கும் நின்றுவிடவில்லை. டிரைவர் எழுபதைத் தாண்டிவிட்டார். மோதிர விரல் குளிர்காலத்தில் மடங்க மறுக்கிறது. அதனால் அந்த விரலுக்கு வேலை குறைத்து, மற்ற விரல்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார். டீச்சருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. சோடாபுட்டி சில சமயம் வருவான், நாற்காலியிலேயே தூங்கிவிடுவான்.

இந்த மாதம் புதிதாக ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். நீளமானது, பக்கம் திருப்ப ஆள் வேண்டும். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். டிரைவர் தலையை அசைத்ததும் அவள் இரண்டு பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். அவர் புதுப் பக்கத்தைப் பார்த்து வாசிக்க, டீச்சர் விட்டுப்போன பக்கத்தை நினைவிலிருந்து வாசிக்க, கொஞ்ச தூரம் இரண்டு பேரும் தனித்தனி ஊருக்குப் போனார்கள்.

"நல்லாத்தானே இருக்கு? ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி.

டீச்சர் சிரித்ததில் கிட்டார் நழுவப் பார்த்தது. டிரைவர் பக்கத்தைத் திருப்பிச் சரியாக வைத்தார். டீச்சர் மூச்சை இழுக்கட்டும் என்று காத்திருந்தார்.